சங்கத்தின் முழுப் பலம்

"கையை இறுக்கி மூடு. ம்... இப்ப திற. அடேய், இவ்வளவு சீக்கிரமாவா திறப்பாங்க? மானத்தை வாங்காதடா!"

பார்சல்காரர் தலையில் அடித்துக்கொள்ளப் போனார். மூடிய கை விரியாததால் அது குட்டாக விழுந்தது. எதிரே சோபாவில் அவருடைய மச்சினனும், அவன் கூட்டி வந்த மூன்று நண்பர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் மாமா மூடி வச்சிருக்கணும்?"

"என் கையைப் பாத்துக்கிட்டே இரு. எனக்கு எப்ப விரியுதோ, அப்ப நீயும் விரி."

அதுதான் அவருடைய வியாதி. எதையாவது இறுக்கிப் பிடித்தால் விரல்கள் லேசில் விடாது. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராதாம். குலுக்கலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாகூட விழாத ஜாதகத்துக்கு இது மட்டும் குறி தவறாமல் விழுந்திருந்தது.

வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவருக்குக் கை விடாவிட்டால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் அந்தப் பக்கம் இழுப்பார், பார்சல் வராது. டிப்ஸ் கேட்டு மிரட்டுகிறார் என்று புகார் மேல் புகார். "இன்னொரு புகார் வந்தா வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் ஆறுதலாகக் கை கொடுத்தார். இவர் அந்தக் கையையும் விடவில்லை.

இதற்கு ஒரு புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கப் போகிறார்கள் என்று எங்கோ படித்தார். அன்றிலிருந்து மனிதர் போனும் கையுமாக ஆகிவிட்டார். ஆஸ்பத்திரியைக் கேட்டால் ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கச் சொன்னது. ஆராய்ச்சி நிலையம் மருந்துக் கம்பெனியைக் காட்டியது. கம்பெனியோ, "நோயாளிகள் சங்கம் மூலமா வாங்க" என்று முடித்துக்கொண்டது.

அப்படியொரு சங்கம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. இவரே ஆரம்பித்தார். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. போனில் மூன்று பேருக்கும் மூன்று குரல் வைத்திருந்தார்.

"ஏங்க, தலைவர் சும்மாதானே இருக்கார்? செயலாளரை விட்டுக் குப்பையைக் கொட்டிட்டு வரச் சொல்லுங்களேன்" என்பாள் மனைவி.

போன வாரம், பரிசோதனைக்கு ஆள் சேர்க்கும் கூட்டமைப்பிலிருந்து ஓர் அதிகாரி பேசினார். "மொத்தம் அஞ்சு பேராவது தேறலைன்னா பரிசோதனையே நடக்காது சார்."

எங்கே கை நழுவிவிடுமோ என்ற பதற்றத்தில், "எங்க சங்கத்துலயே அஞ்சு பேர் இருக்கோமே!" என்று அளந்துவிட்டார். அப்படியானால் நேரிலேயே வருகிறேன் என்றார் அதிகாரி. அதற்குத்தான் இந்தக் கூத்து.

வாசலில் சத்தம் கேட்டது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அதிகாரி உள்ளே வந்தார். இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில். பார்சல்காரர் கும்பிட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். மனைவி டீயை நீட்டியபோது, "அங்கயே வைங்கம்மா" என்றார்.

'ஒட்டிக்கும்னு பயப்படறார் போலிருக்கு. நல்ல ஆளா பாத்து அனுப்பியிருக்காங்க' என்று பார்சல்காரர் மனசுக்குள் கறுவினார்.

"எல்லாரும் கையை மூடித் திறங்க, பாக்கலாம்."

ஐந்து கைகள் மூடின. ஐந்தும் திறக்கவில்லை. நண்பர்கள் மூவரும் கல்லாகச் சமைந்திருந்தார்கள். மச்சினன் ஒருபடி மேலே போய் பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி முனகினான். வியாதியஸ்தருக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது பார்த்து அவன் போன் அடித்தது. சட்டென்று மூடிய கையை விரித்துப் பையில் விட்டு எடுத்தான்.

"சொல்லு மச்சி. இல்லடா, இங்க கொஞ்சம் நோயாளியா இருக்கேன். அப்புறம் பேசறேன்."

சோபாவில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. பார்சல்காரரின் கை மட்டும் மூடியே இருந்தது.

"மன்னிச்சுடுங்க சார்" என்றார். மூன்று குரலில் எதுவும் வரவில்லை, சொந்தக் குரல்தான் வந்தது. "தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நான் ஒருத்தன்தான். வேலை போயிடும்னு பயம். இந்த மருந்தை விட்டா எனக்கு வேற வழி தெரியலை."

அதிகாரி சோபாவில் இருந்த நால்வரையும் ஒரு பார்வை பார்த்தார். "நாலு பேர் ஏற்கெனவே கிடைச்சாச்சு சார். ஒருத்தர்தான் குறை. இந்தப் பட்டாளத்தைக் கூட்டாம நீங்க ஒருத்தரா உக்காந்திருந்தாலே போதும்."

"அப்ப நான்..."

"நீங்கதான் அஞ்சாவது."

பார்சல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஊரை ஏமாற்றப் பார்த்த புத்தி சும்மா இருக்குமா?

"அந்த நாலு பேராவது நிஜமா சார்? இல்ல, உங்க மச்சினன் கூட்டிட்டு வந்த ஆளுங்களா?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அப்போதுதான் முதல்முறையாகப் பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். சந்தோஷத்தில் பார்சல்காரர் எல்லாவற்றையும் மறந்து அதை இறுக்கிப் பற்றினார். வழக்கம்போல் மாட்டிக்கொண்டது.

"தப்பா நினைக்காதீங்க சார், கொஞ்ச நேரத்துல விட்டுடும்" என்றார் கூச்சத்தோடு.

காலையிலிருந்து மூடித் திறந்து பழகியதாலோ என்னவோ, விரல்கள் சீக்கிரமே தளர்ந்து நன்றாக விரிந்தன. ஆனாலும் கை வரவில்லை. மெல்ல இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

"நீங்களும் தப்பா நினைக்காதீங்க தலைவரே" என்றார் அதிகாரி, மூடியிருந்த தன் விரல்களைப் பார்த்தபடி. "எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."