வேலிக்கு அந்தப் பக்கம்

"என் மரத்துக்கு என்னடா விஷம் வச்சே?"

புல்வாமா முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே தம்பி ரம்ஜானின் முற்றத்தில் நுழைந்தான் சுபான். கையோடு தோட்டக்கலை அதிகாரியையும் இழுத்து வந்திருந்தான்.

"வாயை அடக்கிப் பேசுங்க பாய்ஜான்!" ரம்ஜானும் எகிறினான்.

"தோப்பு முழுக்கப் பூத்துக் கொட்டுச்சு. ஒரு பாதாம்கூடப் பிடிக்கலை. எல்லாம் உன் வயித்தெரிச்சல்! சார், இவனை விடாதீங்க."

"விஷமெல்லாம் இல்லைங்க. உங்க தோப்புல இருக்கிறது ஒரே ரகம். பக்கத்துல வேற ரகம் பூத்து, தேனீ அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்தாத்தான் காய் பிடிக்கும்," என்ற அதிகாரி குழப்பத்தோடு கேட்டார்: "போன வருஷம்வரை எப்படிக் காய்ச்சுது?"

சுபானின் பார்வை வேலிப் பக்கம் போனது. பதில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ரம்ஜானின் மனைவி ஹாஜரா விடுவதாயில்லை.

"எங்க பக்கம் கசப்பு பாதாம் மரங்க நின்னுச்சு சார். அந்தக் கசப்பு தன் காய்க்கும் ஒட்டிக்கும்னு ஊரைக் கூட்டி, எங்களை மிரட்டி, அத்தனையையும் வெட்ட வச்சது இவர்தான். விறகையும் இவரே அள்ளிக்கிட்டார்."

அவள் சுபான் பக்கம் திரும்பினாள்.

"குளிர்காலம் பூரா உங்க வீட்டு அடுப்புல எரிஞ்சது உங்க காய்தான் பாய்ஜான்!"