மூச்சை அளக்கும் அறை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்த மண்ணுக்கடியில், ஏசி இல்லாமலே குளிரும் ஓர் அலுவலகத்தை ஏலக்காய் வியாபாரி சஜ்ஜாத்துக்காக அன்ஸியா வடிவமைத்தாள். மின்சாரத்தை மிச்சப்படுத்த, மூச்சுக்காற்றை அளக்கும் கருவி ஒன்றையும் பொருத்தினாள். உள்ளே ஆட்கள் இருந்தால் விசிறி புதுக்காற்றை இழுக்கும். எல்லோரும் போய்விட்டால் தானாக நிற்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக எல்லோரும் பூட்டிவிட்டுப் போன பிறகும் அது நிற்கவில்லை. கருவியை மாற்றிய பிறகும் அப்படித்தான்.

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு மோளே காத்து? ஆஃப் பண்ணிடு," என்றார் சஜ்ஜாத், அடுத்த வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டே.

"செரி இக்கா."

அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் அன்ஸியா படிக்கட்டில் உட்கார்ந்து, கைபேசியிலேயே விசிறியை நிறுத்தினாள். திரையில் கருவி காட்டிய அளவு ஏறத் தொடங்கியது. அறை நிறைய ஆட்கள் இருந்தால்தான் அப்படி ஏறும். பிறகு, அவர்கள் எல்லோருக்கும் மூச்சு இரைப்பது போல இன்னும் வேகமாக ஏறியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேசை நாற்காலிகள் மட்டுமே இருந்தன. விசிறியை மறுபடி போடலாமா என்று யோசித்தாள். இந்தப் புதுக் கருவியும் பழுதுதான் என்று விட்டுவிட்டாள். சற்று நேரத்தில் ஏற்றம் மெல்ல மெல்லக் குறைந்து, நின்றே போனது.

சஜ்ஜாத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. விரலளவு நகர்ந்து, மெத்தென்ற ஏதோ கனத்தில் முட்டி நின்றது. அவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"கதவுக்குப் பின்னாடி என்னத்த வச்சே மோளே?"

கண்ணாடி வழியாகத் தெரிந்த தரையில் ஒன்றுமே இல்லை.