ஆறாவது உருண்டை

"எனக்கு அஞ்சுதான் தெரியுது சார்."

ஸ்வப்னா இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். முதல் முறையைவிடக் குரல் சற்று இறங்கியிருந்தது.

"ஆறு இருக்கும்மா. நல்லா பாரு," என்றார் பத்மநாபன். அந்த தில்லி மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் கருவிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

திரையில் ஒரு பிளாஸ்டிக் உடம்பின் படம். புதிய பெட் (PET) ஸ்கேனரைச் சோதிக்க, நோயாளிக்குப் பதிலாக உள்ளே படுக்கவைக்கும் பொம்மை அது. தலை கிடையாது, கை கால் கிடையாது. வயிறு நிறையத் தண்ணீர், அதற்குள் வட்டமாக ஆறு கண்ணாடி உருண்டைகள். அவற்றில் கதிரியக்க மருந்தை நிரப்பினால் படத்தில் கட்டிகளைப் போல வெளுத்துத் தெரியும். ஆறில் மிகச் சிறியது பத்து மில்லிமீட்டர். அதுவும் தெரிந்தால்தான் சின்னக் கட்டியை மெஷின் தவறவிடாது என்று நம்பலாம்.

இரண்டு பேர் படத்தைப் பார்த்துப் படிவத்தில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பத்மநாபன் ஆறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். நாளைக் காலையே எட்டு நோயாளிகள் வருகிறார்கள். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஸ்வப்னாவின் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதை நீட்டிக்கச் சொல்லி எழுத வேண்டியவரும் பத்மநாபன்தான்.

"அரே மேடம், இங்க பாருங்க." மெஷின் கம்பெனி இன்ஜினியர் ஜெயந்த் திரையில் விரல் வைத்தான். தில்லி கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவன். "பில்குல் சாஃப், தெளிவா இருக்கு. சின்னதா, வெள்ளையா."

"அதே மாதிரி வெள்ளை இங்கேயும் இருக்கு. இதோ, இங்கேயும்."

"அதெல்லாம் சும்மா புள்ளி. இதுதான் உருண்டை."

"எப்படிச் சொல்றீங்க?"

"உருண்டை இருக்க வேண்டிய இடத்துல இருக்கே!"

ஸ்வப்னா பத்மநாபன் பக்கம் திரும்பினாள். "சார், காலையில ஒண்ணு..."

"காலைக் கதை எல்லாம் அப்புறம். முதல்ல எண்ணு."

கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினாள். ஐந்து. அறை விளக்கை அணைத்துவிட்டு எண்ணினாள். அப்போதும் ஐந்து.

படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் உஷாராணி, டீ கப்புடன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "எத்தனை வந்தது?"

"ஆறு மேடம்," என்றான் ஜெயந்த்.

"அச்சா, ஆறு. அழகா தெரியுதே." வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயந்த் உற்சாகமாகி, சொன்ன இடத்தில் மவுஸால் ஒரு வட்டம் போட்டான். அந்த இடம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று பக்கத்தில் ஓர் எண் வந்தது. "முப்பத்தெட்டு பர்சென்ட். நம்பரே வந்துடுச்சு மேடம். இனிமே என்ன?"

"வட்டம் எங்க போட்டாலும் ஏதோ ஒரு நம்பர் வருமே."

ஜெயந்த் பத்மநாபனைப் பார்த்தான்.

பத்மநாபன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா இந்தப் படத்தைப் பார்க்கறேன். டாக்டரம்மா பார்த்தாச்சு. கம்பெனிக்காரர் பார்த்தாச்சு. உன் கண்ணுக்கு மட்டும் ஏம்மா தெரியல? வெள்ளிக்கிழமை உன்னைப் பத்தி நான் என்னன்னு எழுதறது? கண்ணு சரியில்லைன்னா?"

பேனாவை நீட்டினார். ஸ்வப்னா வாங்கிக்கொண்டாள். படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டத்துக்குள் '5' என்று எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

"ஹே பகவான்," என்றான் ஜெயந்த்.

"சரி," என்றார் பத்மநாபன், கோபத்தை அடக்கிக்கொண்டு. "மூணு பேர் கண்ணால பார்த்ததை நீ இல்லைங்கறே. என்ன ஆதாரம்?"

ஸ்வப்னா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"என் தப்புதான் சார். காலையில உருண்டைகளை நிரப்பினது நான்தான். பெரிசுல ஆரம்பிச்சேன். ஆறாவதுக்கு வர்றப்போ மருந்து தீர்ந்துபோச்சு. அதுல இருக்கறது வெறும் தண்ணி."