அருளாந்துவின் செங்கல்

கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவரைக் கூலிக்குக் கட்டியவர் கொத்தனார் அருளாந்து. அந்தப் பக்கம் மேல்தெருக்காரர்களின் வெள்ளைக் கல்லறைகள். கீழ்த்தெருக்காரரான அவருக்கு இந்தப் பக்கம், முள்ளுக்குள் குழி வெட்டியிருந்தார்கள்.

“விண்ணகத்தில் நம் எல்லோருக்கும் ஒரே வீடு” என்று பங்குச் சாமியார் செபித்துக்கொண்டிருந்தபோது, மகள் சலேத் குழியோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள். நான்காவது குத்தில் ஒரு செங்கல் பெயர்ந்தது. அதைக் கொண்டுவந்து, திறந்திருந்த பெட்டிக்குள் அப்பாவின் நெஞ்சின்மேல் வைத்தாள்.

“என்னம்மா பண்ற?” சாமியார் பதறினார்.

“பூமியில என்ன செஞ்சேன்னு அங்க கேப்பாங்கல்ல சாமி? இதக் காட்டட்டும்.”

“எடும்மா. பெட்டிய மூடணும்.”

“கட்டுனது நான்தான்னு எங்கப்பா ஒத்துக்குவாரு. இன்னும் இடிக்காம வச்சிருக்கிறது யாருன்னு கேட்டா, அத நீங்க வந்து சொல்லிக்குங்க.”

மூடியைப் போட்டுப் பார்த்தார்கள். செங்கல் தட்டியது, பொருந்தவில்லை. சுத்தியலோடு நின்றவன் சாமியாரைப் பார்த்தான். செங்கல்லை எடுக்க ஒருவரும் கை நீட்டவில்லை.