மிதிபடாத பனி

பனியில் நடக்கும் காட்சியை ஒரே முறைதான் எடுக்க முடியும். தடம் விழுந்துவிட்டால் அடுத்த பனிப்பொழிவுவரை காத்திருக்க வேண்டும். அதனால் அலாஸ்காவுக்கு வந்த எங்கள் மௌனப்படக் குழுவில் யாரும் கேமராவுக்கு முன்னால் கால் வைப்பதில்லை. விடுதிக்குத் திரும்பும்போதும் ஒற்றை வரிசைதான். முன்னால் போகிறவர் தடத்திலேயே பின்னால் வருகிறவர் மிதிப்பார்.

நேற்று கதாநாயகன் ஹாஸ்கல் உறைந்த ஏரியைத் தனியாகக் கடந்து வந்து, கேமராவுக்குப் பத்தடி தள்ளிச் சுருண்டு விழுந்தார். நான் கேமராவின் கைப்பிடியைச் சுழற்றிப் படமெடுத்தேன்.

இன்று மதியம் சாப்பாட்டு அறை ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, கழுவிய படச்சுருளைத் திரையில் ஓட்டிப் பார்த்தோம்.

"யோவ் ஆர்வில், தடம் கிடக்குதே! எந்த எருமை நடந்துச்சு?" என்று இயக்குநர் பிராண்ட் என்னைப் பார்த்துக் கத்தினார்.

யாரும் நடந்திருக்கவில்லை. ஹாஸ்கலுக்கு ஓரடி முன்னால், வெறும் பனியில், தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவற்றின் மேலேயே அவர் மிதித்து வந்தார்.

அவர் விழுந்த பிறகும் தடங்கள் நிற்கவில்லை. கேமராவை நெருங்கி, திரையின் வலது ஓரத்தில் மறைந்தன. நான் நின்றிருந்த பக்கம் அது.

"என்னய்யா, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று என்னிடம் கேட்டார் ஹாஸ்கல். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"நேத்து வரிசையில எனக்குப் பின்னால நீங்கதானே வந்தீங்க?"

"நானா? நான் நாய் இழுக்குற சறுக்குவண்டியில முன்னாடியே வந்துட்டேனே. நீதான் கடைசி."

நேற்று வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அவர்தான் என்று நினைத்து, உள்ளே வரட்டும் என்று, விடுதிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.