முகூர்த்தத்தன்று வெயில்

"அழுகுன வயல வச்சுக்கிட்டா எங்களுக்குப் பொண்ணு குடுக்க வந்தீங்க?" மணப்பந்தலில் மாப்பிள்ளையின் தாய் வேதவல்லி கைப்பேசியை நீட்டிக் கத்தினாள்.

"நேத்துவரைக்கும் அமோக விளைச்சல்னுதானம்மா காட்டுச்சு!" பெண்ணின் தகப்பன் கோவிந்தராசுவும் குரலைத் தாழ்த்தவில்லை.

காட்டத்தான் காட்டியது. இப்போதெல்லாம் ஜாதகத்துக்கு முன்னால் வயலின் விளைச்சல் கணிப்பைத்தானே பார்க்கிறார்கள்! மேகம் மூடினால், வயலைப் படமெடுக்கும் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. கணினி தன்பாட்டுக்குக் கணக்கில் நெல்லை வளர்த்துக்கொண்டிருக்கும். வயல் மூழ்கிப்போனது கோவிந்தராசுவுக்குத் தெரியும். ஆனாலும் தாலி ஏறும்வரை வானம் வெளுக்கக் கூடாதென்று, பயிரைக் கொன்ற மழையையே கும்பிட்டுக் கிடந்தார். முகூர்த்தத்தன்று பார்த்து வெயில் அடித்தது, கணிப்பும் கவிழ்ந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா," என்றாள் மகள் மங்களேஸ்வரி, மாலையைக் கழற்றியபடி.

மாப்பிள்ளை தையிலேயே வேறிடத்தில் கட்டிக்கொண்டான். ஓசூருக்கு வேலைக்குப் போன மங்களேஸ்வரியும் அங்கேயே ஒருவனைக் கட்டினாள். கோவிந்தராசுவுக்கு அது அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரிந்தது.