பை நிறைய நீல நூல்

"ஒரு வாரத்துல ஒரு சாண்! எறும்பு நெய்திருந்தாக்கூட இதைவிட நீளமா நெய்திருக்கும்!"

கெர்டா தறியைத் தட்டிக்கொண்டே கத்தினாள். எழுபத்தாறு வயது. சில்யான் ஏரிக்கரையில் அந்தத் தறிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவள்தான் தலைவி. அவள் வாய்க்கு ஊரே பயம்.

தறியில் உட்கார்ந்திருந்த வீவி சிரித்து மழுப்பினாள். "எறும்புக்கு ஆறு கால் கெர்டா. எனக்கு ரெண்டுதானே!"

தறியில் நெடுக்காகக் கட்டிய ஒரே நீள நூல்பாவு. அதில் பத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறத்தில் சமையலறைத் துண்டு நெய்ய வேண்டும். நெய்தது நெய்தபடி தறியிலேயே சுருண்டு கிடக்கும். கடைசி ஆள் முடித்தால்தான் அறுக்கலாம்.

ஒன்பதாவது ஆள் கெர்டா. நீலம் நெய்து முடித்துவிட்டாள். பத்தாவது வீவி, மஞ்சள்.

"கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. உன் ஒருத்தியால எல்லார் துண்டும் மாட்டிக்கிட்டு நிக்குது!"

"தினமும் வந்தேனே."

"வந்து என்ன கிழிச்சே? காபி குடிச்சே, பன் தின்னே!"

"அதையும் யாராவது செய்யணுமில்ல?"

பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஸ்வேயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வீவியைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

கெர்டாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. சுவரில் ஜனவரிப் பாவுக்கான பட்டியல் தொங்கியது. மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே போய்த் தேடி, வீவியின் பெயரை அடித்தாள்.

"வேலை செய்யறவங்களுக்குத்தான் இங்க இடம்."

வீவியின் முகம் செத்துப்போயிற்று. புருஷன் போனபிறகு அவளுக்கு நாலு பேர் முகம் பார்க்க இந்தக் கூடத்தை விட்டால் வேறு நாதியில்லை. ஆனாலும் ஊடு நூல் ஓட்டும் நாடாவை எடுத்து நெய்ய ஆரம்பித்தாள்.

மூன்றே நாளில் மஞ்சள் துண்டை முடித்தாள்.

"மனசு வெச்சா முடியுதுல்ல!" என்றாள் கெர்டா. அவளே கத்தரியை எடுத்து அறுத்தாள். துணியை மேசையில் விரித்தார்கள்.

நீலத் துண்டைப் பார்த்ததும் எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள்.

"பூவேலையில ஒரு இழை பிசகலையே!"

"இந்த வயசுல என்ன கை, என்ன கண்ணு!"

கெர்டாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வீவி, நல்லாப் பார்த்துக் கத்துக்கோ."

"பார்த்தேன் கெர்டா. அழகா இருக்கு," என்றாள் வீவி.

காபி முடிந்ததும் கெர்டா கோட்டை மாட்டிக்கொண்டு, கையுறை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள். கையுறை இல்லை. கொத்துக் கொத்தாக நூல் வந்தது.

அடக் கடவுளே, இது வீவியின் கோட்டு!

நூலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நீலம். பை முழுக்க நீலம். அத்தனையும் நெளிநெளியாகச் சுருண்டிருந்தது. புது நூல் அப்படி நெளியாது, நெய்து பிரித்த நூல்தான் நெளியும். இந்தப் பாவில் நீலம் நெய்தவள் கெர்டா ஒருத்திதான்.

ஒரு வாரம் வீவி என்ன கிழித்தாள் என்று இப்போது தெரிந்தது. கெர்டாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நூலைப் பையிலேயே திணித்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நேரே பட்டியலுக்குப் போய், தன் பெயருக்கு நேர்கீழே பெரிய எழுத்தில் 'வீவி' என்று எழுதினாள்.

"என்ன கெர்டா, எறும்புக்கு மறுபடி இடமா?" என்றாள் வீவி.

"இனிமே எனக்கு அடுத்து நீதான் உட்காரணும்," என்றாள் கெர்டா, திரும்பிப் பார்க்காமலே. "என் கண் ஆபரேஷனுக்கு ஏப்ரல்லதான்டி நாள் குடுத்திருக்காங்க."